அலைச்சல் நோட்டில் ஒரு காலிக் கட்டம்

போன மாதம் மைத்துனர் மகள் கல்யாணத்துக்குப் படப்பை பக்கம் போனோம். பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி என்று ஒரு வார்த்தை கிடையாது. மூலையில் கறுப்புப் புள்ளிகளால் ஆன ஒரு கட்டம் இருந்தது. அதைப் போனில் பிடித்தால் வழி வந்துவிடுமாம். வந்தது. டிரைவரும் அதை நம்பி ஓட்டினார். "வலதுபுறம் திரும்பவும்" என்றது போன். வலதுபுறம் ஒரு கிணறு இருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, மேப் போட்டவனின் மூன்று தலைமுறையைத் திட்டினார். என் மனைவி வசந்தா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அப்பாடா, இது என் வேலை இல்லை.

ஓய்வு பெற்றதில் எனக்குக் கிடைத்த பெரிய சுகம் இதுதான். முன்பெல்லாம் யாராவது வழி தவறினார்கள் என்று கேட்டால் போதும், எனக்கு வயிற்றைக் கலக்கிவிடும். கேஸ் சிலிண்டர்காரர் தெருமுனையில் நின்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்கூட, கோடு எங்கே விட்டுப்போயிற்றோ என்று மனசு ஓடும். சினிமா பார்க்கிறவர்கள் கதாநாயகனைப் பார்ப்பார்கள். நான் அவன் எந்தச் சந்தில் ஓடுகிறான், அது எங்கே போய் முட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அதெல்லாம் இல்லை. கிணறு வந்தால் அது வேறு யாரோ போட்ட கிணறு.

இதை எழுதச் சொன்னது நிவேதா. எங்கள் பழைய ஆபீசில் இப்போது அவள்தான் மேப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். "சார், இப்ப எல்லாத்தையும் ப்ரோக்ராமே வரைஞ்சிடுது. நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு பசங்களுக்குத் தெரியல. கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்றாள். சரி என்றேன். என்ன எழுதப்போகிறேன் என்று அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. டிப்ளமோ முடித்து, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் படம் வரைபவனாகச் சேர்ந்தேன். பென்சில் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரில் இரும்புப் பாகம் வரைந்தவன், அப்புறம் தெரு வரைய ஆரம்பித்தேன். தெரு வரைகிறவன், தெரு வரையும் மென்பொருளையே எழுத ஆரம்பித்தேன். நாங்கள் போட்டது சின்ன உள்ளூர் மேப்தான். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் சந்து பொந்து விடாமல் போட்டிருந்தோம். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் விரும்பிப் போனில் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் மேலதிகாரி கிரேஸ் மேடம். என்னைவிட ஏழு எட்டு வயது பெரியவர். சேலையூர்க்காரர். ஆபீஸ் பையனிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லாரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். கத்தாதவரை ஒன்றும் செய்ய முடியாது. என்ன சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "போய்ப் பாத்தீங்களா, சார்?" பார்க்கவில்லை என்றால் மேஜைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும் குடையை எடுத்து நீட்டுவார். வெயிலோ மழையோ, அந்தக் குடைக்கு ஓய்வு கிடையாது.

அவரிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருந்தது. மற்ற கம்பெனிகளில் தப்பு நடந்தால் எந்த வரியில் பிழை, யார் எழுதியது என்று எழுதுவார்கள். மேடம் நோட்டில் அதெல்லாம் இருக்காது. அலைந்தவர் யார், எங்கே, எதற்காகப் போனார், எவ்வளவு தூரம் வீணாக அலைந்தார், முடிவு. இந்த ஐந்து கட்டம்தான். நாங்கள் அதை அலைச்சல் நோட்டு என்போம். தப்பு செய்தவன் அதே வழியில் தானும் நடந்து அலைந்துவிட்டு வரவேண்டும். அலைந்தவருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று விசாரித்து 'முடிவு' கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரம்பாத கட்டம் எத்தனை மாதம் ஆனாலும் நிரம்பாமலேயே இருக்கும். மேடம் எதையும் அடித்துவிட மாட்டார். இதற்கெல்லாம் நாங்கள் கேண்டீனில் எவ்வளவு சிரித்திருக்கிறோம் தெரியுமா?

இப்போது தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும், பயப்படாதீர்கள். ஒரு தெருவைக் கம்ப்யூட்டரில் ஒரு கோடாக வரைவோம். கோட்டின் நுனி அடுத்த கோட்டைத் தொட்டால்தான், அந்த வழியாகப் போகலாம் என்று மென்பொருளுக்குப் புரியும். தொடாவிட்டால் அது முட்டுச்சந்து. தெருத்தெருவாகக் கருவியோடு நடந்து அளப்பவர்களின் கருவி சில அடி முன்பின் காட்டும். அதனால் தொட வேண்டிய நுனிகள் தொடாமல் நிற்கும். அப்படி நிற்கிற ஒவ்வொரு நுனியும் திரையில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, இது நிஜமாகவே முட்டுச்சந்தா, இல்லை கருவியின் தப்பா என்று தீர்மானிக்க வேண்டும். சலிப்பான வேலை. அதற்குத்தான் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு பொத்தான் செய்தேன். ஆறு மீட்டருக்குள் இருக்கும் இரண்டு நுனிகளை அதுவே சேர்த்துவிடும். 'எல்லாம் இணை' என்று பேர் வைத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "ஆறு மீட்டர்ல ஒரு செவுரு நிக்கும் சார். ஒவ்வொண்ணா பாத்துட்டு அழுத்துங்க" என்றார்.

நம் பக்கத்து மனைப்பிரிவுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஆளுக்கு ஒரு துண்டு வயலை வாங்கி மனை போட்டார்கள். பக்கத்தில் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவர் தெரு வந்து நிற்கிற இடத்தில் அவர் சுவர் எழுப்பியிருப்பார். ஊரப்பாக்கத்தில் அப்படி ஒரு சுவர்; இந்தப் பக்கம் மூன்றாவது குறுக்குத் தெரு, அந்தப் பக்கம் ஏழாவது தெரு. இங்கே தாளித்தால் அங்கே தும்மல் வரும். ஆனால் போக வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஊரப்பாக்கம் பகுதியை முடித்து வெளியிட வேண்டியிருந்தது. திரையில் அம்மை போட்டமாதிரி சிவப்புப் புள்ளிகள். பாதிவரைக்கும் ஒழுங்காகப் பார்த்தேன். அப்புறம் கண் எரிந்தது, சோம்பல் வந்தது, என் பொத்தான்மேல் எனக்கு நம்பிக்கையும் இருந்தது. 'எல்லாம் இணை' அழுத்தினேன். புள்ளிகள் எல்லாம் மறைந்தன. நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். ஆபீஸ் போன் அடித்தது. மேப்பின் அடியில் போன் நம்பர் போட வேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம். பக்கத்தில் இருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"ஹலோ, மேப்பு கம்பெனியா? இன்னா மேப்புபா போட்டுகீறீங்க? நேரா போ நேரா போன்னு சொல்லி செவுத்தாண்ட கொண்டாந்து வுட்டுகீது! வண்டில புள்ளத்தாச்சி கீதுபா, வலில துடிக்குது! இப்போ எப்டி போறது?"

"எந்த இடம்ணா?"

"ஊரப்பாக்கம். தெரு பேரு இன்னாத்த சொல்றது, உன் மேப்புல நீயே பாரு!"

அவருக்குப் பின்னால் ஒரு பெண் அலறுவது கேட்டது. "அம்மா" என்று கேட்டதா, வெறும் அலறலா, தெரியவில்லை. லைன் அறுந்தது. எங்கள் பழைய போனில் கூப்பிட்டவர் நம்பர் தெரியாது. எந்த இடம் என்று தேட வேண்டிய அவசியமே இல்லாதமாதிரி இருந்தது. திரையைத் திறந்தேன். மூன்றாவது குறுக்குத் தெருவும் ஏழாவது தெருவும் அழகாகக் கைகோத்து நின்றன.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் அந்த இணைப்பை வெட்டச் சொன்னார். அப்புறம் நோட்டைத் திறந்தார். "அலைஞ்சவங்க பேரு?" தெரியாது. 'பெயர் தெரியாது' என்று எழுதினார். "எதுக்காகப் போனாங்க?" பிரசவத்துக்கு. அதை எழுதும்போது அவர் பேனா ஒரு நிமிஷம் நின்றது. அவ்வளவுதான். குடையை நீட்டினார். "போய்ப் பாத்துட்டு வாங்க, சார்."

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து எங்கள் மேப் காட்டிய வழியிலேயே நடந்தேன். தெரு முடிந்தது, சுவர் நின்றது. புழுதியில் கார் திரும்பிய தடம் இருந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்டேன். "ஒரு வண்டி வந்துது சார், ஒரே சத்தம். அப்புறம் ரிவர்ஸ் எடுத்துப் போயிடுச்சு" என்றார். உள்ளே இருந்த பெண்? "நான் பாக்கல சார்." சுவரை ஒட்டி இடதுபுறம் கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"கடைசி வூடு பூட்டியிருந்ததா? அங்கதானே சரியா தெரிஞ்சிருக்கும். நாளைக்கு மறுபடி போங்க" என்றார் மேடம்.

மறுநாள் போனேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். வெளியே டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். கால் அந்தத் தெருப் பக்கம் போக மறுத்தது. அந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, "அந்தப் பொண்ணா? பாவம், வழியிலேயே…" என்று ஆரம்பித்தால் என்ன செய்வேன்? தெரியாமல் இருக்கும்வரைக்கும் அவள் பிழைத்திருக்கலாம். அடுத்த ரயிலில் திரும்பி வந்து, "இன்னும் பூட்டித்தான் இருக்கு மேடம்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'முடிவு' கட்டத்தில் பென்சிலால் "மறுபடி போகணும்" என்று எழுதி நோட்டை மூடினார். அப்புறம் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்தப் பொத்தானைப் பிடுங்கி எறிந்தது. அதற்கப்புறம் எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு இணைப்புக்கும் "பார்த்தாயா?" என்று கேட்கும், ஆமாம் என்று சொன்னால்தான் நகரும். அந்தச் சுவர் இருந்த இடத்தில், "இங்கே ஒருபோதும் இணைக்கக் கூடாது" என்று என் பேரோடு குறிப்பு வைத்தேன். மேடம் ஓய்வு பெற்றபோது நோட்டை என்னிடம் கொடுத்தார். நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. முடிச்சூருக்கும் மண்ணிவாக்கத்துக்கும் முட்டியளவுத் தண்ணீரில் ஆளை அனுப்பியிருக்கிறேன். "போய்ப் பாத்தியா?" என்று கேட்டுக் கேட்டு எல்லார் உயிரையும் வாங்கியிருக்கிறேன். நான் மட்டும் ஊரப்பாக்கம் போகவில்லை. செங்கல்பட்டு ரயிலில் போகும்போதுகூட அந்த ஸ்டேஷன் வந்தால் போனை எடுத்து நோண்டுவேன். ரிட்டையர் ஆனபோது நோட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஆபீஸ் சொத்துதான், தப்புதான். ஆனால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று பயம்.

எழுதிக் கொடுக்கச் சொன்ன நிவேதா, இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

"சார், ஒரு டவுட். ஊரப்பாக்கத்துல ஒரு எடத்துல புது ப்ரோக்ராம் பாதை போடுது. ஆனா நீங்க இணைக்கவே கூடாதுன்னு நோட் வச்சிருக்கீங்க."

"அங்க சுவர் இருக்கும்மா. அந்தப் பாதையை அழிச்சிடு."

"ஆளுங்க நடந்து போறாங்களே சார். தினமும். காலையில நிறைய பேர் போறாங்க. அவங்க கையில இருக்கற போனோட தடம் எல்லாம் அந்தப் பக்கம் தாண்டுது."

"செவுத்துக்குள்ள எப்படிம்மா நடப்பாங்க? பேயா பிசாசா? உன் ப்ரோக்ராமுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு." கோபம் வந்துவிட்டது எனக்கு.

"நீங்க கடைசியா எப்ப சார் போய்ப் பாத்தீங்க?"

போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன என்ன என்று வசந்தா துளைத்தாள். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டு டீ உட்பட. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "இத்தனை வருஷமா இதையா வயித்துல வச்சிக்கிட்டு இருந்தீங்க? அல்சர்னு நெனச்சு எத்தனை டாக்டர்கிட்ட போனோம்! எழுந்திரிங்க முதல்ல" என்று புடவை மாற்றப் போய்விட்டாள்.

இரும்புலியூரிலிருந்து ஷேர் ஆட்டோ, பெருங்களத்தூரில் ரயில். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் அடையாளமே மாறியிருந்தது. நான் போனை எடுத்தேன். வசந்தா அதை மதிக்கவே இல்லை; பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மேப்போடு வாழ்ந்தவனின் மனைவி கடைசிவரைக்கும் வாயால் வழி கேட்பவள்.

சுவர் அங்கேயேதான் இருந்தது. பூசி, வெள்ளையடித்து, விளம்பரம் எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசி வீட்டின் கேட் விரியத் திறந்திருந்தது. வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற அகலத்தில் சந்து. "சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும்" என்று தகரத்தில் கையால் எழுதித் தொங்கவிட்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் நின்னுட்டீங்க, அந்தாண்ட போணுமா? போங்க போங்க. காசெல்லாம் இல்ல."

"இந்த வழி எப்ப வந்ததும்மா?" என்று வசந்தாதான் கேட்டாள்.

"அது ஒரு கதைக்கா." கத்தியைக் கீழே வைத்தார். அவர் பேர் சரோஜா. "ரொம்ப வருஷம் ஆச்சு. ஒருநாள் சோறு வடிச்சிகினு கீறேன், வாசல்ல ஒரே சத்தம். வந்து பாத்தா ஒரு காரு. பின்னாடி சீட்டுல மாசமான பொண்ணு கத்துது, அதும் அம்மா அழுவுறாங்கோ. டிரைவரு போன்ல எவன்கூடவோ சண்ட போட்டுகினு கீறான். பேஜாரா பூட்ச்சி எனக்கு. வண்டி திரும்பி சுத்திப் போனா ஆவற கதையா? ஏம்மா, நாலு அடி நடப்பியான்னு கேட்டேன். நடக்கறேன்னுச்சி. நம்ம ஹாலு, அடுப்பங்கரை, பின்வாசல். அதத் தாண்டுனா ஏழாவது தெரு. அங்க ஒரு ஆட்டோ நின்னுகினு இருந்துது. அடுப்ப அணைச்சி, வூட்ட பூட்டிகினு நானும் கூடவே ஏறிட்டேன்."

பூட்டியிருந்த வீடு. நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வீட்டுக்காரி அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

"அதுக்கு இன்னா சார்? ஜம்முனு கீது. ஆஸ்பத்திரில எறங்கி அரை மணிநேரம்கூட ஆவல, பொம்பளப் புள்ள பொறந்துச்சி. கவிதான்னு பேரு அந்தப் பொண்ணுக்கு. பொத்தேரில கீறாங்க. பொங்கலுக்குப் பொங்கல் அம்மாவும் பொண்ணும் வந்து பாத்துட்டுப் போவாங்க. குட்டி இப்ப எட்டாவது."

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சொல்ல வெட்கமில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். சரோஜா அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரப் போனார். சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, "அந்த மேப்பைப் போட்டவன் நான்தாம்மா. அன்னிக்கு போன்ல பேசினதும் நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'சார்' காணாமல் போயிற்று. "நீயா அது! உன்ன எவ்ளோ திட்டியிருப்பேன் தெரியுமா? அன்னிக்கு வடிச்ச சோறு அப்டியே கொழஞ்சி பூட்ச்சி!"

வசந்தா சிரித்துவிட்டாள். "எப்படியோ, உங்க வழியா வந்ததும் நல்லதாப் போச்சு" என்று எனக்குப் பரிந்து பேசப் பார்த்தாள்.

"இன்னா நல்லது? மேப்பு ஒழுங்கா காட்டியிருந்தா மெயின் ரோட்டுலயே நேரா போயிருக்கும், எதுக்கு எங்க வூட்டு அடுப்பங்கரைய பாக்குது?" என்று வெட்டினார் சரோஜா அம்மாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது. "பொழச்சிக்கிச்சி, வுடு சார். ஆனா மறுநாளே வந்து கேட்டிருக்கலாமே? காத்தாலயே வந்துட்டேன். வூட்லதான் கெடந்தேன்."

மறுநாள் காலை. நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். அங்கிருந்து பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்து இத்தனை வருஷத்தைத் தொலைத்திருக்கிறேன். மடையன் என்று என்னையே சத்தமாகத் திட்டிக்கொண்டேன். ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது. கவிதா பொத்தேரியில் இருக்கிறாள், அவள் மகள் எட்டாவது படிக்கிறாள். வேறு என்ன வேண்டும் எனக்கு?

அன்றைக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு, அக்கம்பக்கத்தில் அவசரம் என்று இரண்டு பேர் வழி கேட்டார்களாம். அப்புறம் இருபது பேர். "எல்லாரையும் எவ்ளோ நாள் அடுப்பங்கரை வழியா வுடறது? அதான் சைடுல சந்து வுட்டேன். சாயங்காலம் ஆனா ரெண்டு கேட்டையும் பூட்டிடுவேன்" என்றார் சரோஜா அம்மாள். நிவேதாவின் ப்ரோக்ராமுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நாங்களும் ஏழாவது தெரு வரைக்கும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். 'பெயர் தெரியாது' என்பதை அடித்துவிட்டுக் கவிதா என்று எழுதினேன். யோசித்துவிட்டு, அதற்குக் கீழே சரோஜா என்றும் எழுதினேன், அவரும் அலைந்தவர்தானே. 'முடிவு' கட்டத்தில் இருந்த பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பேனாவால் 'பெண் குழந்தை, இருவரும் நலம்' என்று எழுதினேன். உடனே கிரேஸ் மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஊரப்பாக்கம் போய்ட்டு வந்தேன்."

"இப்பத்தானா சார்?" என்றார். கோபம் இல்லை, கேலியும் இல்லை. நான் போகாமலேயே பொய் சொன்னது அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை பிறந்ததைச் சொன்னதும் "ஸ்தோத்திரம்" என்று நீளமாக மூச்சுவிட்டார். மூக்கைத் துடைக்கும் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சார், அந்தச் சந்து கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டறாங்க?"

"சாயங்காலம்னு சொன்னாங்க மேடம்…"

"சாயங்காலம்னா அஞ்சா, ஏழா? நேரம் போடாம உங்க நிவேதா மேப்புல பாதையைத் திறந்துட்டா, பூட்டின கேட்டுல இன்னொருத்தங்க வந்து நிப்பாங்களே சார். அதைக் கேக்கலையா?"

கேட்கவில்லை. அழுதேன், தண்ணீர் குடித்தேன், திட்டு வாங்கினேன், அதை மட்டும் கேட்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். மறுமுனையில் அவரும் சிரித்தார். நோட்டில் அடுத்த வரியில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்: மறுபடி போகணும்.

நாளைக் காலை போகிறேன், சரோஜா அம்மாள் சோறு வடிப்பதற்கு முன்னால். வழியில் டீ குடிக்க நிற்கப்போவதில்லை.